எண்ணெயோடு சண்டை போடாத வாசனை

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் காலையில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள். கேட் பக்கம் காபி வாசனை அடித்தால் மணி எட்டரை. "அக்கா வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு அவரவர் மெஷினைப் போடுவார்கள்.

அக்கா இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டினாள். நாற்பதை நெருங்கியவள், கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். நான் செக்கிங்கில் இருந்தேன். அவள் கடைந்து போடும் புஷ் என்கிற இரும்பு வளையங்களைக் கழுவித் துடைத்து என் மேஜைக்கு அனுப்புவார்கள். நான் அளந்து பார்த்துத் தேறாததை ஒதுக்குவேன். தப்பாய்ப் போன பீஸை நல்லதுக்கு அடியில் ஒளித்து வைப்பது மற்றவர்களின் வழக்கம். அக்கா மட்டும் அதைத் தனியாகக் கொண்டுவந்து "இது என் தப்பு" என்று என் முன்னால் டொக்கென்று வைப்பாள். அவள் அப்படித்தான். எதையும் ஒளிக்கத் தெரியாது.

இத்தனைக்கும் அவள் காபி குடிக்க மாட்டாள், வயிறு எரியுமாம். அந்த வாசனை அவள் பூசிக்கொள்ளும் சென்ட். மெஷின் எண்ணெய் கையில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது. மல்லிகை சென்ட் அடித்துக்கொண்ட பெண்கள் உண்டு. எண்ணெயும் மல்லிகையும் சேர்ந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகிவிடும். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கை துடைத்த பனியன் வேஸ்ட் துணியை ஒரு கவரில் போட்டு, பூந்தமல்லியில் ஓர் அத்தர் கடைக்கு எடுத்துப் போனாள். எண்ணெயை மறைக்க வேண்டாம், அதுதான் சோறு போடுகிறது, அதோடு ஒத்துப்போகிற ஒன்றைக் கொடுங்கள் என்று கேட்டாளாம். கடைக்கார பாய் அந்த அழுக்குத் துணியில் ஒவ்வொரு அத்தராகத் தொட்டு வைத்து மோந்து பார்த்து, கடைசியில் காபியில் வந்து நின்றார். "இது ஒண்ணுதான் எண்ணெயோட சண்ட போடல" என்று அக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள்.

எனக்கு அப்போது முப்பத்தொன்று. நாலு இடம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தது. ஐந்தாவது ஆவடிக்காரர். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று அவரே போனில் சொல்லியிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு பிடித்திருந்தது.

அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை அக்காதான் எனக்குப் புடவை கட்டிவிட்டாள். போகிற போக்கில், ராசியான சென்ட் என்று தன் பாட்டிலைத் திறந்து என் இரண்டு மணிக்கட்டிலும் தடவினாள். அடுப்பில் வைத்த பால் அந்த நேரம் பார்த்துத் திரிந்துவிட்டது. கடையிலும் பால் இல்லை. அம்மா அவசரமாக கலர் சோடா வாங்கிவரச் சொல்லி டம்ளரில் ஊற்றினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் போய் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். காபி வாசனை வருகிறதே என்றார். பால் திரிந்துவிட்டது, காபியே போடவில்லை என்று அம்மா சொன்னாள். அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார், பிறகு தன் புருஷனைப் பார்த்தார். வீட்டில் காபியைப் போட்டு வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு கலர் தண்ணி கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அம்மாவின் கண் கலங்கிவிட்டது. வாசனை என் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அது காபி இல்லை, சென்ட், நான்தான் தடவினேன் என்றாள். சொன்னதோடு விட்டாளா? நம்பிக்கை வருவதற்காக என் கையைப் பிடித்துத் தூக்கி அந்த அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள். அவர் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்துத் தரகர் வந்து, அவர்கள் இன்னும் கொஞ்சம் அடக்கமான இடமாகப் பார்ப்பதாகச் சொன்னார். ஆவடிக்காரர் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை.

மறுநாள் பட்டறையில், அக்கா என் மேஜைக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது நான் சொன்னேன்:

"உனக்குத்தான் அமையல. எனக்கு அமையறதையும் கெடுக்கணுமா?"

அக்கா கையிலிருந்த புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரி" என்றாள். அதை என் மேஜையில் வைக்காமலே எடுத்துக்கொண்டு தன் மெஷினுக்குப் போனாள்.

அடுத்த நாளிலிருந்து அவளிடம் வெறும் எண்ணெய் வாசனை. பாட்டில் தீர்ந்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய் அது. பட்டறையில் எட்டரை மணி எப்போது ஆகிறது என்றே தெரியாமல் போயிற்று. தப்பு என்னுடையது என்று அவளைப் போல டொக்கென்று வைக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் பூந்தமல்லிக்குப் போய் அதே சென்ட்டைப் புதிதாக வாங்கி அவள் மெஷின் மேல் வைத்தேன். எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பூசவில்லை.

பிறகு பட்டறை ஊர் மாறியது, ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். எனக்குப் பட்டாபிராமில் கல்யாணம் ஆனது. அவர் நல்லவர், காபி தொடாமல் டீ மட்டும் குடிப்பவர். அக்கா குத்தம்பாக்கத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவோம், நான் சொன்ன அந்த வார்த்தையைத் தவிர எல்லாவற்றையும்.

போன மாதம் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் காபி வாசனை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்ப சென்ட் போட ஆரம்பிச்சிட்டியாக்கா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா சிரித்தாள். "அடுப்புல காப்பி கீது. நீ வர்றேன்னியே, அதான் போட்டேன்."

அந்த மாப்பிள்ளையின் அம்மா செய்த தப்பையே நான் தலைகீழாகச் செய்திருந்தேன். நான் வாங்கி வைத்த அந்தப் பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். மூடிவரை அப்படியே இருந்தது.

"ஒரு தபா தொறந்தேன். நீ சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு, மூடிட்டேன்."

தப்பு என்னுதுக்கா, என்றேன். இத்தனை வருஷம் ஆயிற்று, அந்த இரண்டு சொல்லுக்கு. அவள் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தி, ஆறிடும் குடி என்றாள். நான் குடிக்காமல் பாட்டிலைத் திறந்தேன். கையை நீட்டச் சொன்னேன். முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள். தடவினேன். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி இது, கழுவாத டபரா மாதிரி கீது."

எழுந்து தையல் மெஷினிடம் போனாள். எண்ணெய் டப்பாவை எடுத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாள். என் மூக்கருகே கொண்டுவந்தாள்.

அக்கா வந்துவிட்டாள்.