பருத்தி கட்டிய ராஜா

நாற்பது வயது வரை நான் ராஜாக்களுக்குத் துணி தைத்தேன். மணவாள நகரிலிருந்து காலை ரயிலில் சென்னைக்குப் போய், ஸ்டூடியோவின் உடைப் பிரிவில் வெல்வெட்டும் சாட்டினும் வெட்டுவேன். சோழனோ நாயக்கனோ, எல்லாருக்கும் ஒரே அங்கிதான். ஜரிகைப் பட்டையை மட்டும் மாற்றித் தைப்போம். கோயில் தூண்களில் நிற்கும் அரசர்கள் அப்படி உடுத்தியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் பென்சிலுமாகப் போய் அவர்களுடைய வேட்டி மடிப்புகளை வரைந்துகொண்டு வருவேன். நானே ஒரு படம் எடுத்தால் ராஜாவுக்குச் சரியான துணி கட்டுவேன் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் அந்த வாய்ப்பு வந்தது. ஆரணியில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர், பத்திரிகையில் தொடராக வந்த சரித்திரக் கதை ஒன்றைப் படமாக்க உரிமை வாங்கியிருந்தார். பழவேற்காடு ஏரிக்கரையில் தோற்றுப்போகும் ஒரு சிற்றரசனின் கதை. உடை வேலைக்குத்தான் என்னைக் கூப்பிட்டார். என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தெரிஞ்சி வெச்சிக்கீறீங்க, நீங்களே டைரக்ட் பண்ணிடுங்க சார்" என்றார். ஊருக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

படப்பிடிப்பை ஏரிக்கரையிலேயே வைத்தோம். மீனவர்கள்தான் படை வீரர்கள், அவர்களுடைய படகுகள்தான் போர்ப் படகுகள். அரசனுக்குச் சாயம் தோய்த்த பருத்தி வேட்டி, இடுப்பில் ஒரு கச்சை, மார்பில் மெல்லிய துண்டு. முதல் நாள் அந்த உடையில் கதாநாயகர் வெயிலில் வந்து நின்றபோது, தூணிலிருந்து ஒருவன் இறங்கி வந்ததுபோல் இருந்தது எனக்கு.

முதலாளிக்கு அப்படித் தோன்றவில்லை.

"இன்னா சார் இது? வலை வீசப் போறவன் மாதிரி கீறாரு. ராஜான்னா பளபளன்னு வேணாமா?"

"அந்தக் காலத்துல இதுதான் உடை, முதலாளி."

"அந்தக் காலத்து ஆளா டிக்கெட் வாங்கப் போறான்?"

எனக்கு ஆதரவாக யாராவது பேச மாட்டார்களா என்று, வீரர்களுக்குத் தலைவனாக நடித்த மீனவரைப் பார்த்தேன். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம் ஐயா. ஆனா எங்க ஊரு கூத்துல ராஜா இப்பிடி வந்தாருன்னா ஆரும் மதிக்க மாட்டாங்க. கண்ணாடித் துண்டு வெச்சி, கிரீடம் வெச்சி, மின்னிக்கினு வரணும்."

அவருடைய ஊரின் பழைய வாழ்க்கையை அவருக்கே திருப்பித் தருவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் கதாநாயகர் அந்த உடையில் கேமரா முன் நிற்க மறுத்துவிட்டார். வெல்வெட் இல்லாவிட்டால் படம் நிற்கும் என்றார் முதலாளி. நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. படம் நின்றுவிடுமே என்ற பயத்தில் வெல்வெட் அங்கியை நானே தைத்தேன், என் கையால். எடுத்து முடித்த காட்சிகளை மறுபடி எடுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. அதனால், படகில் பருத்தி வேட்டியோடு ஏறும் அரசன், அடுத்த காட்சியில் ஜரிகை வைத்த வெல்வெட் அங்கியோடு கரையில் இறங்கினான்.

படம் பெரியபாளையம் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது மனைவியோடு முதல் ஆட்டத்துக்குப் போனேன். அந்த ஊர் அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் கொட்டகையில் நிறைந்திருந்தது. அந்தக் காட்சி வந்ததும் மணல் தரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"படகுக்குள்ள துணிக்கடை கீதுபா."

கொட்டகையே சிரித்தது. அதன் பிறகு அரசன் அழுதபோதும் சிரித்தார்கள், செத்தபோதும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் திரும்பினேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது, "எனக்கும் சிரிப்பு வந்துடுச்சுங்க, அடக்க முடியல" என்றாள்.

"வரத்தான் செய்யும்" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

உடை மாறுகிற படத்து டைரக்டர் என்று ஸ்டூடியோவில் பெயர் நிலைத்தது. உடைப் பிரிவிலும் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ராஜா படங்களும் குறைந்துபோயின. கதாநாயகர்கள் கடையில் வாங்கிய சட்டையோடு நடிக்க வந்தார்கள். இன்னொரு சரித்திரக் கதையைத் திரைக்கதையாக எழுதிச் சில வருடங்கள் அலைந்தேன். எழுதியதைக் கேட்டவர்கள் காபி கொடுத்தார்கள். பிறகு கேட்பவர்களும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றுக்குத் தொழிலாளர் சீருடை தைக்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நேற்றுவரை வயலில் கூலி வேலை செய்தவர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். முதலில் வந்தவரின் தோளில் டேப்பை வைத்ததும் சூப்பர்வைசர் தடுத்தார்.

"அதெல்லாம் வேணாம் பெரியவரே. சின்னது, நடு, பெருசு. மூணே சைஸ். ஆளப் பாக்காத தெச்சிக்கினே இருங்க."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தேன். காக்கித் துணி கனமாக இருந்தது. ஊசி இரண்டு முறை உடைந்தது. மாலைக்குள் பதினைந்து சட்டை முடித்தேன்.