இபாதானில் இல்லாத தங்கை

ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, காதைக் கிட்டே கொண்டுபோவார் ஓஜேதிரான். "அழாத கண்ணு. எங்க வலிக்குது, சொல்லு." குமிழி கிளம்பியதும் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு பைக் ஓட்டி வந்தவரைப் பார்ப்பார். "உன் பொண்டாட்டி மாதிரி இல்லப்பா. கேட்டதும் சொல்லிடுச்சு."

ஓயோ ஊரில் பஞ்சர் கடை. யார் நடையும் அவருக்கு வரும். இமாம், வங்கி மேலாளர், முட்டைக்காரி. கிழங்குமாவுக் களி ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே அடுத்த ஆளாக நடந்து காட்டுவார்.

என் அப்பா கடைசி வருடங்களில் பகலெல்லாம் அந்தக் கடை பெஞ்சில்தான் இருந்தார். காது மந்தம். லாகோஸிலிருந்து நான் அழைத்தால் போனை ஸ்பீக்கரில் போடுவார். நான் செல்போன் கோபுரம் ஏறும் பொறியாளர். அப்பா எனக்கென்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஓஜேதிரானுக்கும் கிடைத்தது. எனக்குக் குரல் மட்டும். அவருக்கு முகம், இருமல், பக்கத்துச் சூடு, எல்லாம்.

எகுங்குன் திருவிழாவில் இறந்தவர்கள் தெருவுக்கு வருவார்கள். தலைமுதல் கால்வரை கனத்த துணி, முகத்தில் வலை. உள்ளே யார் என்று கேட்கக் கூடாது. பெண்கள் கேட்கவே கூடாது; அந்தத் துணியைத் தொடவும் கூடாது. அன்றைக்கு மட்டும் ஓஜேதிரான் கடையைப் பூட்டிவிட்டு இபாதானில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்குத் தங்கை கிடையாது. ஊருக்கே தெரியும்.

இந்த வருடம் அப்பா வந்தார்.

மண்டியிட்டேன். அப்பா என்னைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் அம்மா இறந்தபின் பிறந்தவள் நான். 'அம்மா என்னைத் தேடி வந்தாள்' என்று பொருள்பட யேவாண்டே என்று பெயர் வைத்தாலும் அம்மா என்றுதான் அழைப்பார். துணி சுழன்று அடங்கி, அப்பாவைப் போலவே இடது காலை இழுத்து வந்து என்முன் நின்றது. அடித்தொண்டையில் கரகரத்தது.

"அம்மா, மேல ஏறும்போது பெல்ட்டை மாட்டிக்கோ."

அழுதேன். காலை அப்படி இழுக்க நானே பழகிக்கொண்டாலும், பெண் என்பதால் அந்தத் துணிக்குள் போக எனக்கு அனுமதி இல்லை என்ற எரிச்சல் அழுகையிலும் அடங்கவில்லை.

மறுநாள் கடை திறந்திருந்தது. ஓஜேதிரானுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது.

"இபாதான் தண்ணி ஒத்துக்கல," என்றார். "அப்பா வந்தாராமே, இஞ்சினியரே? எனக்குத்தான் பாக்கக் குடுத்துவைக்கல. என்ன சொன்னாரு?"

"அது எனக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல, சித்தப்பா. உங்களுக்கு எதுக்கு?"

அவர், பாரம் அழுத்திச் சிவந்திருந்த நெற்றித் தடம் மறையும்வரை தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.