நட்சத்திரமில்லாத ரிப்போர்ட்

என் அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். அவள் ஒரு முறை முறைத்தால் வேன் முழுக்க வாயைப் பொத்திக்கொள்ளும். நெட்டையனிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகாது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, இனி உதவாது என்று கழித்துவிடப்பட்ட நாய் அவன். எலும்பும் தோலுமாக வந்தவனுக்குத் தன் கட்டிலில் பாதியைக் கொடுத்தாள்.

"கூடப் பிறந்தவனுக்கு ஒரு தலையணை குடுத்திருக்கியா?" என்று கேட்டேன்.

"அவன் என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டுறான். நீ காசு கேட்டு வாயை ஆட்டுற" என்றாள்.

வருடம் ஒருமுறை அவனுக்கு ரத்தப் பரிசோதனை. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அக்கா அழுதேவிட்டாள். சிவப்பணு அதிகம், தட்டணு குறைவு, பக்கத்தில் எல்லாம் நட்சத்திரக் குறி. கால்நடை டாக்டரம்மா சிரித்தார்.

"பயப்படாதீங்க. மெஷின்ல எல்லா நாய்க்கும் சேர்த்து ஒரே அளவுதான் வச்சிருக்கு. அதைத் தாண்டினா நட்சத்திரம் போட்டுடும். இந்த இனமே ஓடப் பிறந்தது. சிவப்பணு கூடத்தான் இருக்கும், தட்டணு குறைஞ்சுதான் இருக்கும்."

அன்றிலிருந்து அக்காவைப் பிடிக்க முடியவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நான் கிண்டல் செய்தாலும் கேட்கமாட்டாள். ஆஸ்பத்திரியில் யாராவது ரிப்போர்ட்டும் கையுமாகக் கலங்கி நின்றால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உங்களுது என்ன இனம்? நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். பாதிப் பேராவது அதைக் கேட்டுத் தேறி ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள்.

இந்த வருடம் நெட்டையன் சோர்ந்துபோனான். படி ஏற யோசித்தான், சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு விலகினான். வயதாகிறது என்று நினைத்தோம். அக்கா அவன் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். நட்சத்திரம் இருந்தால் டாக்டரம்மா உள்ளே கூப்பிடுவார். இல்லையென்றால் கவுண்டரிலேயே ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த முறை கவுண்டரில் இருந்த பெண், "எல்லாம் சரியா இருக்குக்கா, நீங்க கிளம்பலாம்" என்றாள். அக்கா வாசலிலிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"டேய், ஒரு நட்சத்திரம்கூட இல்லடா!"

"பரவாயில்லையே, உன் பிள்ளை பாஸாயிட்டான்" என்றேன். அன்றைக்கு அவள் வேனில் பாட்டு போட்டதாகப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

அந்த வாரமே நெட்டையனால் எழுந்திருக்க முடியவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. போர்வையில் கிடத்தி இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். அவர் முகம் மாறியது.

"மத்த நாய்க்கு இது நல்ல ரத்தம்மா. இவனுக்கு எப்பவும் இதைவிட ரொம்ப அதிகமா இருக்கும். இந்த அளவுக்கு இறங்கியிருக்குன்னா, அப்பவே உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. மண்ணீரல்ல கட்டி. இப்ப உடைஞ்சிடுச்சு. இதை நான் பார்த்திருக்கணும். என் மேசைக்கே வரல."

யாரைத் திட்டுவது? மெஷின் அதற்குச் சொல்லிக்கொடுத்ததைச் செய்தது, கவுண்டர் பெண் அவளுக்குச் சொன்னதைச் செய்தாள். ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடத் தப்பில்லை.

"ஆபரேஷன் பண்ணுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

"தாங்கமாட்டான்மா. உடம்புல ரத்தமே இல்ல."

அக்கா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினாள்.

"என்கிட்ட இருந்து எடுத்துக்கோங்க."

"மனுஷ ரத்தம் அவனுக்குச் சேராதும்மா."

அவளுக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் கையை எடுக்கவில்லை. நெட்டையன் மெல்லக் கழுத்தை நகர்த்தி, அந்தக் கையின் மேல் தலையை வைத்துக்கொண்டான்.