ஒன்றே முக்கால் மணி வெயில்

பொய் என்று நினைப்பவர்கள் காரிமங்கலம் போய் சுசித்ராவின் கழுத்தைப் பார்க்கலாம். தழும்பு இன்னும் இருக்கிறது. பேய் ராத்திரியில்தான் வரும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

போன மே மாதம், புதன்கிழமை. குவாரி முதலாளி மாதவராஜ் நாலு சீட்டு விமானம் வாங்கி, குவாரியை ஒட்டியே ஓடுபாதையும் போட்டிருந்தார். ஓட்ட வந்தவள் சுசித்ரா. அன்றுதான் வேலையில் முதல் நாள். வெயில் 41 டிகிரி.

"காலைல ஆறுக்கே எடுத்திருக்கலாங்க சார். இந்தச் சூட்டுல எந்திரிக்காதுங்க."

சூடு ஏற ஏறக் காற்று லேசாகிவிடும். இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது, எஞ்சினும் திணறும். அந்தத் தரை ஆயிரத்து ஐந்நூறு அடி உயரம்தான். அன்றைய வெயிலில் விமானத்துக்கு அது ஐயாயிரம் அடி உயரத்துக்குச் சமம். ஓடுபாதை போதாது என்று கணக்குப் போட்டே காட்டினாள்.

"ஜோசியர் ஒன்னே முக்கால்னு குறிச்சிருக்காரும்மா. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. ஏறு."

வேலை போய்விடும் என்ற பயம். ஏறினாள், பாவி.

பக்கத்து சீட்டில் மாதவராஜ். பின் சீட்டில் யாருமில்லை. ஆனால் 'டக்'கென்று பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது...

1.45. பழம் நசுங்கியது. விமானம் ஓடியது. பாதி தூரம் போயும் வேகம் ஏறவில்லை. எதிரே குவாரிப் பள்ளம்.

"தூக்கும்மா!"

பின்னாலிருந்து ஒரு கை வந்தது.

கருகிய கை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலோடு சேர்த்து அவள் கையைப் பிடித்து வெறியோடு பின்னால் இழுத்தது. அவள் விரல் எலும்பு நொறுங்கியது. மாதவராஜ் த்ராட்டிலை முன்னால் தள்ளினார். அந்தக் கை அவர் முகத்தில் அறைந்தது. ரத்தம் கண்ணாடியில் தெறித்தது. அடுத்து அவள் கழுத்து...

மூச்சில்லை.

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

க்ரீச்...

நின்றது. பள்ளத்துக்குப் பத்தடி.

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த குவாரி வாட்ச்மேன் மாது, அவள் கழுத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்ன இங்க மேனேஜரா இருந்த தீர்த்தகிரி சாருக்கும், புது ஜீப்பு எடுக்க இதே நேரந்தாங்க குறிச்சுக் குடுத்தாங்க. மூணு வருசம் ஆச்சு. வண்டியோட இதே குவாரிப் பள்ளத்துல வுழுந்து எரிஞ்சு போயிட்டாரு. வலது கை மட்டும்... இன்னைக்கு வரைக்கும் கெடைக்கலைங்க."

சுசித்ராவின் கழுத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருக்கின்றன. வலது கை.