தண்ணீர் வராத வாய்க்காலும் சூசை அண்ணாச்சியும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஊர் நம்பரிலிருந்து போன் வந்தது.

"மாமா, நான் ஜெனிட்டா. அப்பா போயிட்டாவ."

சூசை அண்ணாச்சியின் மகள். அப்பா காலையில் பூசைக்குப் போய் வந்து, காப்பி கேட்டு, அது வருவதற்குள் போய்விட்டாராம். மாலை நாலு மணிக்கு அடக்கம். அழுகைக்கு நடுவே ஒரு கேள்வியும் கேட்டாள்.

"அந்த இங்கிலீஷ் ஊரு படம் செவுத்துல கெடக்குல்லா மாமா, அத அப்பாகூட பெட்டில வச்சிரவா? அம்ம வைக்கணும்னு சொல்லுதா. எனக்கு மனசு வரல."

தொழுதுவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னேன்.

வளைகுடாவில், முசஃபாவில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பாதிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீதியைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. உத்தரவிட்டவர் போய்விட்டார்.

எங்கள் கம்பெனி சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் வரைபடம் போட்டுக் கொடுத்தது. அண்ணாச்சி அங்கே டிராஃப்ட்ஸ்மேன், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். நான் காயல்பட்டினம், படங்களுக்கு நம்பர் போட்டு அடுக்குவது என் வேலை. மேனேஜர் டென்டன் ஓய்வு பெறவிருந்த வருடத்தில், தன் சொந்த ஊரான லிட்டில் ஆர்ன்பியின் வரலாற்றையும் புவியியலையும் புத்தகமாக எழுதத் தொடங்கினார். அந்த ஊரில் முந்நூறு பேர். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பில் ஒரு மாடிக்கே அவ்வளவு பேர் இருந்தோம். மாடிக்கு வரலாறு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

நான் தட்டச்சு செய்தேன், அண்ணாச்சி படம் போட்டார். நாலு மாதத்தில் அந்த ஊர் எங்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. வடக்கே களிமண், கோதுமை. தெற்கே சுண்ணாம்புப் பாறை, ஆடு. அறுநூறு வருடத்துக்கு முன் கொள்ளைநோய் வந்து பாதிப் பேர் இறந்தார்கள். பிற்பாடு ரயில் வருவதாக இருந்து, பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. இந்த இரண்டில் டென்டனால் மன்னிக்க முடியாதது ரயில்தான்.

முதல் படத்தில் அண்ணாச்சி ஒரு தப்பு செய்தார். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தை இங்கே வாதி என்பார்கள். வருடம் பூராவும் அதில் மணல்தான் கிடக்கும் என்பதால், எங்கள் படங்களில் அதை விட்டு விட்டுக் கோடாகப் போடுவோம். இருபது வருடக் கைப்பழக்கத்தில் லிட்டில் ஆர்ன்பியின் ஓடையையும் அப்படியே போட்டுவிட்டார். டென்டன் தாளோடு அறையை விட்டு வெளியே வந்தார்.

"சூசை, இது இங்கிலாந்து! எங்கள் ஓடை ஒருநாளும் வற்றியதில்லை!"

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார். அதோடு நின்றிருக்கலாம். வற்றாத ஓடை எவ்வளவு சரிவில் ஓடுகிறது பார்ப்போமே என்று, டென்டன் கொடுத்திருந்த பழைய சர்வே படத்தில் உயரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

புத்தகத்தின் நாலாம் அத்தியாயம் டென்டனின் பூட்டனாரைப் பற்றியது. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, அந்தத் தண்ணீரில் மாவு மில் ஓட்டி, ஊருக்கே ரொட்டி கொடுத்த பெருமகன். அண்ணாச்சி உயரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், வாய்க்கால் ஓடையைவிட்டுப் பிரியும் இடத்தைக் காட்டிலும் மில் ஆறடி மேட்டில் இருந்தது.

"தண்ணி ஏறாது மக்கா," என்றார் டீ நேரத்தில்.

"அண்ணாச்சி, அது அவரு ஊரு. அவரு பூட்டன். தண்ணி எங்க போனா உங்களுக்கு என்ன? நீலமா ஒரு கோட்டப் போட்டுட்டு லீவுல போவீங்களா!"

"போட்டுருவேன். கீழ எம் பேரு போடணும்லா."

எல்லாப் படத்தின் மூலையிலும் வரைந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டுவிடச் சொன்னேன். "பேரில்லாத படத்துக்கு நீ நம்பர் குடுப்பியாலே?" என்று கேட்டார். கொடுக்க மாட்டேன்.

லீவு என்று நான் சொன்னது சாதாரண லீவு அல்ல. ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை விமானம், புதன்கிழமை கல்யாணம். அண்ணாச்சியின் பாஸ்போர்ட், எங்கள் எல்லோருடையதையும் போல, மேனேஜரின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. லீவு பாரம் கையெழுத்தில்லாமல் மேனேஜரின் மேசையில் இருந்தது.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை டென்டன் படத்தைக் கேட்டார். அண்ணாச்சி கொண்டுபோய் விரித்தார். கோப்பு எடுக்கப் போன நான் அலமாரி ஓரமாக மாட்டிக்கொண்டேன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அண்ணாச்சியின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு. என் தமிழில் நிரப்பித் தருகிறேன்.

"வாய்க்காலில் ஏன் நீல நிறம் இல்லை?"

"தண்ணீர் வராது சார். மில் ஆறடி உயரம்."

"என் பூட்டனார் அந்த மில்லில் நின்றிருக்கிறார், சூசை."

"அவர் நின்றிருப்பார் சார். தண்ணீர் நின்றிருக்காது."

டென்டனின் கழுத்து சிவந்தது. லீவு பாரத்தை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார்.

"இது என்னிடம் இருப்பது ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கிறது சார். இரண்டாவது ஓலையும் இன்று வாசித்துவிட்டார்கள்."

ஓலை என்றால் என்ன என்று டென்டன் கேட்டார். வளைகுடாவில் வீடு மாற, வண்டி ஓட்ட, வேலை விட, எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். அண்ணாச்சி அதை வைத்தே விளக்கினார்: "சர்ச் என்.ஓ.சி. சார். மூன்று தடவை."

டென்டன் பாரத்தை மறுபடி கையில் எடுத்தார். லிட்டில் ஆர்ன்பி தேவாலயத்திலும் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்கள். ஐந்தாம் அத்தியாயம். நான்தான் தட்டச்சு செய்தேன்.

"நீ இல்லாவிட்டால் கல்யாணம் நிற்குமா?"

"நிற்காது சார். நடந்துவிடும்," என்றார் அண்ணாச்சி. அதைச் சொன்னபோதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

டென்டன் கையெழுத்துப் போடவில்லை. போகச் சொன்னார்.

அந்த வாரம் அண்ணாச்சி மகளுக்கு வாங்கிய பெட்டியை மூன்று தடவை கட்டி, மூன்று தடவை பிரித்தார். "போட்டுக் குடுத்துருங்க அண்ணாச்சி, கெஞ்சிக் கேக்குறேன்," என்றேன். "தண்ணி யாருக்கும் மரியாத குடுக்காது மக்கா. நான் என்ன செய்ய?" என்றார். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வீட்டிலிருந்து போன் வந்தால், "பாஸ்போர்ட்டு ரெடிட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன பொய்களில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் ஞாயிறு மத்தியானம் இங்கிலாந்திலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. வரும் தாளுக்கெல்லாம் முத்திரை குத்துவது என் வேலை என்பதால் படித்தேன். எழுதியவர் லிட்டில் ஆர்ன்பி பாதிரியார். டென்டன் கேட்டதை ஊரின் மிக வயதான அம்மையாரிடம் விசாரித்தாராம். வாய்க்கால் வெட்டியது உண்மை, திறப்பு விழாவும் நடந்திருக்கிறது, தண்ணீர் வரவில்லை. கடைசிவரை மில்லைச் சுழற்றியது ஒரு குதிரை. ஊர் இரண்டு தலைமுறை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது.

டென்டன் நின்றபடியே படித்தார். தாளை நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்தார். அதே அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"சூசை, முதல் தடவை ஓடையை எப்படிப் போட்டாய்?"

"விட்டு விட்டு, சார். வாதி."

"வாய்க்காலை அப்படிப் போடு. போட்டுவிட்டுப் போ."

பத்து நிமிடத்தில் போட்டார். கட்டத்தில் பெயரும் போட்டார். நான் நம்பர் கொடுத்தேன், ஃபேக்ஸ் விஷயத்தையும் அவர் காதில் போட்டேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "மக்கா, குதிரைய வெளிய விட்டுராத. பாவம், அவரு பூட்டன்" என்றார். புதன்கிழமை மகளைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனார்.

புத்தகம் வந்தது. நாலாம் அத்தியாயம் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. முன்னுரையில் டென்டன் தன் நாய்க்கு நன்றி சொல்லியிருந்தார், பெயரோடு. எங்களை 'அலுவலக ஊழியர்கள்' என்று குறிப்பிட்டிருந்தார். படத்தை மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து அண்ணாச்சி வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருந்தார். அதுதான் சுவரில் இருப்பது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் தங்கள் தெருவைத் தேடுவார்களாம். அண்ணாச்சி திருத்துவதில்லையாம்.

தொழுதுவிட்டு வந்து ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன்.

"செவுத்துலயே இருக்கட்டும்மா. கீழ அப்பா பேரு இருக்கு."

"அம்ம கேட்டா என்ன சொல்ல?"

"அது சரியான படம்னு சொல்லு."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒரு தொந்தரவுதான். கையெழுத்துக்கு யார் எந்தத் தாளை நீட்டினாலும், பேனாவைத் திறந்ததும் "கீழ எம் பேரு போடணும்லா" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகான இந்த ஆறு வருடத்தில் இரண்டு தடவை கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். இரண்டு என்பது அதிகமில்லை. அவரைத் தெரிவதற்கு முன்பு ஒரு தடவைகூட இல்லை.