மூன்றாம் நாள் ரத்தம்

துரத்தவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் ஆஸ்பத்திரியில் நல்ல மாத்திரையைத் திருடி விற்றாளாம், பெட்டியில் மாவு மாத்திரையை நிரப்பி வைத்தாளாம், கையும் களவுமாகப் பிடித்துக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம். தெருமுனைத் தையற்காரி துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இன்றும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்கிற வாய்க்குப் பூட்டா போட முடியும்? ஊசிக்காரி தானாக எழுந்து, தன் காலால் நடந்து போனாள். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தையற்காரியே பார்த்தவள்தான்.

ஊசிக்காரி என்பது தெரு வைத்த பெயர். காய்ச்சல் வந்தவரின் விரல் நுனியில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை. படித்துவிட்டு வந்த வேலை இல்லை. அதே அறையில் பதினோரு வருஷம் அழுக்குச் சில்லு கழுவினாள். கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கள்ளத்தனமாகப் பார்ப்பாள். பழைய லேப்காரரின் கண்ணுக்குத் தப்பியதுகூட இவள் கண்ணுக்குத் தப்பாது என்றான பிறகு, அவர் ஓய்வு பெற்றபோது பரீட்சை வைத்து அந்த நாற்காலியை இவளுக்கே கொடுத்தார்கள்.

சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்தது. கதவைச் சாத்திப் பத்தடி போனவள் திரும்பி வந்து தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். ஒரே ஆளிடம் இரண்டு சில்லு எடுப்பாள். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று தன் மரப்பெட்டிக்கு. ஒன்று தொலைந்து போகும், இல்லாவிட்டால் தொலைத்துவிடுவார்கள் என்பாள். புருஷன் இருந்த காலத்தில், தன் நிழலைக்கூட அவள் இரண்டு தடவை சோதித்துத்தான் உள்ளே விடுவாள் என்று சிரிப்பாராம்.

அந்த வருஷம் ஒரு கோளாறு ஆரம்பித்தது. மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் துப்புரவாகிவிட வேண்டும். ஆனால் மூன்றாம் நாள் குத்திப் பார்த்தால், சிலருக்குக் கிருமி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஊசிக்காரி உடனே ஆட்களைச் சந்தேகப்பட்டாள். சும்மாவும் இல்லை. இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிடும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு ஆகட்டும் என்று எடுத்து வைப்பது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, கடிகாரத்துக்குள் இருந்து, செருப்புப் பெட்டியில் இருந்து மாத்திரை அட்டைகளை உருவி எடுத்தாள். தையற்காரியின் பொத்தான் டப்பாவில் பாதி அட்டை கிடைத்தபோது, தெருவே கேட்கும்படி திட்டினாள். பாதி அடி வாங்கின கிருமி சாகாது, அடிக்குப் பழகிக்கொண்டு திரும்பி வரும் என்றாள். பகை அன்றைக்கு விழுந்ததுதான்.

அதன் பிறகு மாத்திரையைத் தன் கண் முன்னால் விழுங்கச் சொன்னாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பல் போன கிழவர் ஒருவர், "அம்மா, இந்த வாயில எதை ஒளிச்சு வைக்கிறது? ஈறுதான் இருக்கு" என்றார். அவருக்கும் மூன்றாம் நாள் கிருமி இருந்தது. வெளியே போய்த் துப்பியிருப்பார் என்று அவரையும் நம்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லாரி ஓட்டுகிற அவள் தம்பி, காட்டு வழியில் மரம் ஏற்றப் போய்விட்டு உடம்பு தூக்கிப் போட அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தான். தம்பியையும் அவள் நம்பவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், தன்னையே நம்பவில்லை. நேராகப் போய்த் தையற்காரியின் மிஷின் முன்னால் நின்றாள்.

"என்னை நம்பாத ஆள் ஒருத்தி வேணும். உன்னை விட்டா யாரு இருக்கா? மூணு நாளும் நீயே வந்து மாத்திரையை எடுத்துக் கொடு."

தையற்காரிக்கு அதைவிட என்ன வேண்டும்? பெட்டியைத் தானே பிரித்தாள். அட்டையைத் தானே கிழித்தாள். தம்பி விழுங்கிய பிறகு முக்கால் மணி நேரம் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஒருத்தி பார்த்தா நோயாளி. ரெண்டு பேர் பார்த்தா நான் கைதி" என்று அவன் புலம்பினான்.

இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் கடைசி மாத்திரையும் முடிந்த பிறகு விரலில் குத்தினாள். சில்லைப் பார்த்தாள். மறுபடியும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு நகர்ந்துகொண்டு தையற்காரியைப் பார்க்கச் சொன்னாள். முதல் நாள் சில்லையும் அவளுக்குக் காட்டியிருந்தாள்.

"அன்னிக்குப் பார்த்த அதேதான். குட்டி குட்டியா பிரஸ் பட்டன் மாதிரி" என்றாள் தையற்காரி. கண்ணை எடுத்ததும் அடுத்த வார்த்தை வந்தது. "அப்போ மாத்திரை மாவுதான்."

"மாவுக்குக் காய்ச்சல் இறங்குமாடி?"

தையற்காரி அதைக் காதில் வாங்காமல் எழுந்து போனாள். சாயங்காலத்துக்குள் மாவுக் கதை தெருவைச் சுற்றி வந்துவிட்டது.

அது பொறுப்பு டாக்டரின் காதுக்கும் போனது. மறுநாள் காலையில் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, மேலிடத்துக்குப் பயந்த மனிதர். ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதச் சொன்னார்: நோயாளி மாத்திரையை முழுமையாக உட்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கும் அதையே எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. எழுதாவிட்டால், மாத்திரை எங்கே போனது என்று அவள்மேல்தான் விசாரணை வரும் என்றும் தன்மையாகச் சொன்னார்.

அந்த ஒரு வரி அவள் பெயரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதை எழுதினால், மருந்தை யாரும் மாற்ற மாட்டார்கள். தம்பி ரத்தத்தில் இருப்பது மறுபடி கிளம்பும். கொசு அதை வீடு வீடாகக் கொண்டுபோகும். அடுத்துப் படுக்கிறவனுக்கும் அதே மாத்திரையைத்தான் கொடுப்பார்கள். பேனாவை எடுத்தவள் மூடி வைத்துவிட்டாள்.

"ஆளுங்களைச் சந்தேகப்பட்டேன். தம்பியைச் சந்தேகப்பட்டேன். என்னையும் சந்தேகப்பட்டாச்சு சார். மிச்சம் இருக்கிறது மருந்து ஒன்னுதான்."

"வேலை போயிடும்மா" என்றார் அவர்.

"சில்லு போகாது சார். ரெண்டு ரெண்டாத்தான் எடுத்து வச்சிருக்கேன்."

மரப்பெட்டியைப் பழைய துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு மருந்தும் உண்டு, ரத்தத்தைத் துருவிப் பார்க்கிற லேபும் உண்டு. தம்பியைக் கையோடு எழுப்பினாள். வெளி பெஞ்சில் வாந்தி மருந்துக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள் தையற்காரி. அவளைப் பார்த்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லு, போதும் என்றாள் ஊசிக்காரி. தையற்காரி தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

யாரும் அவள் கழுத்தில் கை வைக்கவில்லை. தம்பி முன்னால் போக, லேப் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு நடந்தாள். பத்தடி போனவள் நின்றாள். பெட்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு போனாள்.

கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டவள் அப்படிச் செய்வாளா? தையற்காரியிடமே போய்க் கேளுங்கள்.