ஸ்கேனில் குறை இருக்கட்டும் என்று ஜெபித்தேன்

ஜெபத்தில் என்னைத் தாங்குகிறவர்களே, உங்களுக்கு ஸ்தோத்திரம். நான் ஊரப்பாக்கம் ரூத். என் வீட்டுக்காரர் தாவீது, மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். 2003 மழைக்காலத்தில் அவர் கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. உள்ளங்கைச் சதை வற்றியது. கால் விறைத்து, நடக்க நடக்க விழுந்தார்.

"கையி எம்பேச்ச கேக்கல ரூத்து, இன்னா பண்றது?" என்று அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

செங்கல்பட்டு டாக்டர், மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம் என்றார். தசையை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போகுமாம். கடைசியில் மூச்சுவிடவும் முடியாதாம். குணமாக்க மருந்தில்லையாம். கழுத்துத் தண்டுவடத்தை ஸ்கேன் எடுக்கச் சென்னைக்கு அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், "ஸ்கேனில் ஒரு குறையும் வரக்கூடாது" என்று விண்ணப்பம் வைத்தேன். சபையே முழங்கால் போட்டு அதையே கேட்டது. எந்த டெஸ்ட்டுக்கும் நாங்கள் அப்படித்தானே ஜெபிப்போம்!

அவரை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு, அங்கிருந்த நரம்பு டாக்டரிடம் தைரியமாகச் சொன்னேன். "ஒண்ணும் இருக்காது சார், சபையே ஜெபம் பண்ணிகினு கீது."

டாக்டர் முகம் வாடிவிட்டது. "ஒண்ணும் இல்லன்னு வந்தாதாம்மா கஷ்டம். தண்டுவடத்த ஏதாவது அழுத்துதுன்னா ஆபரேஷன் பண்ணலாம். சுத்தமா இருந்தா அந்த நோய்தான்னு நெனைக்கணும்."

இத்தனை பேரைக் கூட்டி, என் புருஷனுக்கு நானே சாவைக் கேட்டுவிட்டேனே! உள்ளே மெஷின் தடதடவென்று இடிக்கிறது. அந்த வராந்தாவிலேயே முழங்கால் போட்டேன். "அப்பா, நாங்க கேட்டத குடுக்காதீங்க. குறை இருக்கட்டும். குறைய காட்டுங்க." வேறு வார்த்தை வரவில்லை. அழுதேன், அழுதேன்.

படத்தில், கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் விரல் வைத்துக் காட்டியதும் "அல்லேலூயா!" என்று கத்திவிட்டேன். அங்கிருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள்.

ஆபரேஷன் நடந்தது. கால் இன்னமும் கொஞ்சம் இழுக்கிறது. ஆனாலும் வேலைக்குப் போகிறார், தன் கையால் பிசைந்து சாப்பிடுகிறார். இதற்கு நான் எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

இப்போதெல்லாம் ஆண்டவருக்கு நான் யோசனை சொல்வதில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களே, உங்கள் பாரத்தை அவரிடம் இறக்கி வையுங்கள். பதிலை அவர் பார்த்துக்கொள்வார். எங்கள் சபை முழுதும் ஒருமனமாகக் கேட்டதை அவர் தரவில்லை. அதனால்தான் என் வீட்டுக்காரர் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.